முப்பது வயதிலும் ஐடி கேட்கிறார்கள், ஏன்?

இங்கிலாந்தில் மது வாங்கச் சட்டம் வைத்திருக்கும் வயது 18. ஆனால் எந்த சூப்பர்மார்க்கெட்டுக்குப் போனாலும் கல்லாவுக்கு அருகில் 25 என்ற எண்ணைத்தான் பெரிதாக ஒட்டியிருப்பார்கள். இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் இருக்கும் ஏழு வருடம்தான் நம்மவர்கள் பலருக்குப் பிடிபடுவதில்லை. மேற்படிப்புக்கு வந்த 23 வயதுப் பெண்ணும், வேலைக்கு வந்து மூன்று வருடமான 28 வயது இளைஞரும், மீசையை மழித்துவிட்டு வந்த 31 வயதுக்காரரும் ஒரு பாட்டில் வைனோடு வரிசையில் நிற்கும்போது, "ஐடி இருக்கா?" என்ற கேள்வி வருகிறது. வாங்க வந்தவருக்கு முகம் சுருங்குகிறது. பல ஊர்களில் கேட்பவரும் தமிழர்தான், அவருக்கும் சங்கடம். லண்டனில் ஈஸ்ட் ஹாம், டூட்டிங், ஹாரோ பக்கம் ஆஃப் லைசன்ஸ் கடைகளில் (வீட்டுக்கு எடுத்துப்போக மது விற்கும் கடைகள்) கல்லாவின் இரண்டு பக்கமும் நம் ஆட்களே நிற்பதைப் பார்க்கலாம். அதனால் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் அந்த 25. அது வயது வரம்பு இல்லை, கண் தவறினால் தாங்கிப் பிடிக்க விட்டிருக்கும் இடைவெளி. முகத்தைப் பார்த்து வயது சொல்வதில் யாரும் கெட்டிக்காரர் இல்லை. மூன்று நான்கு வருடம் முன்னே பின்னே போவது சாதாரணம். 17 வயதுப் பையன் தாடி விட்டால் 21 மாதிரி தெரிவான். "18-க்குக் கீழே தெரிந்தால் கேள்" என்று கடையில் சொல்லி வைத்தால் அவன் கேட்கப்படாமலே போய்விடுவான். "25-க்குக் கீழே தெரிந்தால் கேள்" என்று வைத்தால் அவனைக் கேட்பார்கள். கூடவே 19, 22, 27 வயதுக்காரர்களையும் கேட்பார்கள். ஆக, வயது வந்தவரிடம் ஐடி கேட்பது இந்த ஏற்பாட்டில் தவறி நடப்பதில்லை, அதன் வேலையே அதுதான். ஒரு கடையில் மாதக்கணக்காக எந்தப் பெரியவரிடமும் ஐடி கேட்கவில்லை என்றால், அங்கே பதினேழு வயதுப் பிள்ளைகளும் கேட்கப்படாமல் வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

முன்பு பப்களில் இந்த எண் 21 ஆக இருந்தது. பிரிட்டிஷ் பீர் அண்ட் பப் அசோசியேஷன் கொண்டுவந்த 'சேலஞ்ச் 21' அது. பிறகு கடைக்காரர்களின் அமைப்பு அதை 'சேலஞ்ச் 25' என்று உயர்த்தியது. சில கடைகளில் 'திங்க் 25' என்று எழுதியிருப்பார்கள், இரண்டும் ஒன்றுதான். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 25 என்ற எண்ணைச் சட்டம் சொல்லவில்லை. 2003-ம் வருட லைசன்சிங் சட்டத்தின் கீழ் 2010 அக்டோபர் 1 முதல் கட்டாயமானது, வயதைச் சரிபார்க்க ஒவ்வொரு கடைக்கும் ஒரு கொள்கை இருக்க வேண்டும் என்பது. 18-க்குக் கீழே தெரிபவரிடம், அல்லது அந்தக் கொள்கையில் எழுதியிருக்கும் அதைவிடக் கூடிய வயதுக்குக் கீழே தெரிபவரிடம், சரக்கைக் கொடுப்பதற்கு முன் சான்று கேட்க வேண்டும். அந்தக் 'கூடிய வயது' என்ற இடத்தில்தான் கடைகள் 25 என்று எழுதிக்கொள்கின்றன. 30 என்று எழுதினாலும் சட்டப்படி சரியே. ஸ்காட்லாந்தில் நிலைமை வேறு. அங்கே 2011 அக்டோபர் 1 முதல் 25 என்பதையே சட்டமாக்கிவிட்டார்கள், கடைக்காரர் குறைக்க முடியாது.

ஊரிலிருந்து புதிதாக வருபவர்களுக்கு இது விநோதமாகத் தெரிவதில் ஆச்சரியமில்லை. தமிழ்நாட்டில் மது வாங்கும் வயது 21. இலங்கையிலும் 2006-ம் வருடச் சட்டப்படி 21. இரண்டு இடத்திலும் வரம்பு இங்கிருப்பதைவிட அதிகம், ஆனால் கவுண்டரில் பிறந்த தேதியைக் கேட்கும் பழக்கம் வேரூன்றவில்லை. இங்கே வரம்பு குறைவு, கேள்வி கட்டாயம். ஊரில் வாங்கக் கூடாத 19 வயதில் இங்கே தாராளமாக வாங்கலாம். கையில் சரியான அட்டை இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எந்த அட்டை செல்லும்

விதி கேட்பது மூன்று விஷயம்: புகைப்படம், பிறந்த தேதி, கூடவே ஹோலோகிராம் அல்லது புற ஊதா ஒளியில் தெரியும் அடையாளம். இந்த மூன்றும் ஒரே அட்டையில் இருக்க வேண்டும். மாணவர் அட்டையில் படம் இருக்கும், பிறந்த தேதி இருக்காது. வங்கி அட்டையில் ஹோலோகிராம் இருக்கலாம், மற்ற இரண்டும் இருக்காது. இரண்டையும் சேர்த்து நீட்டினாலும் பயனில்லை.

தயக்கமில்லாமல் ஏற்றுக்கொள்ளப்படுபவை பாஸ்போர்ட், பிரிட்டிஷ் டிரைவிங் லைசன்ஸ், 'பாஸ்' (PASS, வயதுச் சான்று அட்டைகளுக்கான பிரிட்டிஷ் தர முத்திரை) ஹோலோகிராம் உள்ள வயதுச் சான்று அட்டை ஆகியவை. பாஸ்போர்ட் எந்த நாட்டினுடையதாகவும் இருக்கலாம். இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டுகள் செல்லும். அதை மறுக்கும் கல்லா ஊழியர் விதியை அரைகுறையாகக் கேட்டவர், மேலாளரைக் கூப்பிடச் சொன்னால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். டிரைவிங் லைசன்ஸில் முழு லைசன்ஸ்தான் வேண்டும் என்பதில்லை. கற்பவருக்குக் கொடுக்கும் பச்சை நிற புரொவிஷனல் அட்டையும் அதே மதிப்பு உடையது.

ஆதார் அட்டையையும் இலங்கைத் தேசிய அடையாள அட்டையையும் நீட்டிப் பார்த்து ஏமாறுபவர்கள் நிறைய. அவை போலி என்று யாரும் சொல்வதில்லை. கல்லாவில் இருப்பவர் அதுவரை அப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை, அசலா போலியா என்று சொல்ல அவரிடம் எந்த அளவுகோலும் இல்லை. சந்தேகம் வந்தால் மறு என்பதுதான் அவருக்குக் கொடுத்த பயிற்சி. இந்திய டிரைவிங் லைசன்ஸுக்கும் இதே கதி. மாநிலத்துக்கு மாநிலம் அது வேறு மாதிரி இருப்பதால் சிக்கல் இன்னும் கூடுகிறது.

போனில் இருக்கும் பாஸ்போர்ட் படம் செல்லாது. ஏன் செல்லாது என்று வாதாடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஹோலோகிராமைச் சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும், புற ஊதா அடையாளம் விளக்கின் கீழே வைத்தால்தான் தெரியும். படத்தில் இரண்டுமே இல்லை. அதோடு படத்தில் பிறந்த வருடத்தை மாற்ற இரண்டு நிமிடம் போதும். நகல் எடுத்த காகிதத்துக்கும் இதே காரணம்.

பிஆர்பி அட்டையை, அதாவது விசாவோடு கொடுத்த வசிப்பிட அனுமதி அட்டையை, நம்பியிருந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. முன்பெல்லாம் மாணவர்கள் பாஸ்போர்ட்டை அறையில் வைத்துவிட்டு அந்த அட்டையை மட்டும் பர்ஸில் வைத்திருப்பார்கள், கடைகளும் ஏற்றுக்கொண்டன. அவற்றில் பெரும்பாலானவை 2024 டிசம்பர் 31 என்ற காலாவதித் தேதியோடு வந்தவை. இப்போது விசா நிலை இ-விசாவாக இணையத்துக்குப் போய்விட்டது. அதில் எடுக்கும் ஷேர் கோடு வேலை தருபவருக்கும் வீடு வாடகைக்கு விடுபவருக்கும் காட்ட ஏற்பட்டது. கடையில் அதைக் காட்டிப் பயனில்லை. காலாவதியான அட்டை பற்றி லைசன்ஸ் நிபந்தனையில் ஒரு சொல்லும் இல்லை என்பது உண்மைதான். பிறந்த தேதி காலாவதியாவதில்லை என்று வாதாடலாம். ஆனால் பெரிய கடைகள் பலவும் நடப்பில் உள்ள அட்டைதான் வேண்டும் என்று தங்கள் கொள்கையில் எழுதி வைத்திருக்கின்றன. அந்த வாதம் கல்லாவில் எடுபடாது.

பாஸ்போர்ட்டை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிவது சரியான யோசனையே அல்ல. பப்பில் தொலைத்தால் தூதரகம், போலீஸ் புகார், விசாக் கணக்கில் புதிய பாஸ்போர்ட் எண்ணைச் சேர்ப்பது என்று வாரக்கணக்கில் அலைய வேண்டும். இங்கே ஒரு வருடமோ அதற்கு மேலோ இருக்கப்போகிறவர்கள் வந்த உடனேயே புரொவிஷனல் லைசன்ஸுக்கு விண்ணப்பித்துவிடுவது நல்லது. குறைந்தது 185 நாள் பிரிட்டனில் தங்க அனுமதி இருக்க வேண்டும், 20 மீட்டர் தூரத்தில் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிய வேண்டும். இணையத்தில் விண்ணப்பித்தால் 34 பவுண்ட், தபாலில் அனுப்பினால் 43 பவுண்ட். தபாலுக்கான டி1 படிவம் போஸ்ட் ஆஃபீஸில் கிடைக்கும். கடந்த மூன்று வருட முகவரிகளைக் கேட்பார்கள், ஊர் முகவரியையும் சேர்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தபாலில் போகும்போது பாஸ்போர்ட்டையும் அனுப்ப வேண்டி வரலாம். அதனால் பயணம் இல்லாத நாட்களாகப் பார்த்து அனுப்புங்கள். இந்திய லைசன்ஸை வைத்து இங்கே 12 மாதம்தான் ஓட்டலாம். அதன் பிறகு ஓட்ட நினைத்தால் எப்படியும் இந்த அட்டையில்தான் ஆரம்பிக்க வேண்டும். ஆகவே அந்தப் பணம் வீணில்லை. ஓட்டும் எண்ணமே இல்லை என்றால் சிட்டிசன்கார்டு போன்ற 'பாஸ்' அட்டை போதும்.

நண்பரின் அட்டையைக் கடன் வாங்குவது மட்டும் வேண்டாம். முகச்சாயல் கொஞ்சம் ஒத்துப்போகும், வெள்ளைக்காரருக்கு வித்தியாசம் தெரியாது என்ற நினைப்பில் செய்வார்கள். 2010-ம் வருட அடையாள ஆவணச் சட்டத்தில், தவறான நோக்கத்தோடு இன்னொருவரின் அசல் அட்டையை வைத்திருப்பதும் போலி அட்டை வைத்திருப்பதும் ஒரே பிரிவில் வருகின்றன. உச்ச தண்டனை 10 வருடம். ஒரு பீருக்காக யாரும் பத்து வருடம் உள்ளே போகப்போவதில்லை. ஆனால் விசாவில் இருப்பவர் பெயரில் போலீஸ் பதிவு ஒன்று ஏறினால் அடுத்த விண்ணப்பத்தில் அதைச் சொல்லியாக வேண்டும்.

கல்லாவில் நிற்பவருக்கு என்ன போகும்

வாங்க வந்தவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் பாதி சண்டை வராது. 18 வயது ஆகாதவருக்கு மது விற்ற குற்றம், விற்ற ஆளின் தலையில்தான் முதலில் விழும். கடை முதலாளிக்கு அப்புறம்தான். போலீஸ் அந்த இடத்திலேயே 90 பவுண்ட் அபராதச் சீட்டு கொடுக்கலாம். நீதிமன்றத்துக்குப் போனால் அபராதத்துக்கு மேல்வரம்பு கிடையாது. மணிக்கணக்கில் சம்பளம் வாங்கும் பகுதிநேர மாணவருக்கு அந்த ஒரு பாட்டிலில் கிடைக்கும் லாபம் ஒரு காசும் இல்லை, போவது வேலை.

ஒரே கடையில் தொடர்ந்து மூன்று மாதத்துக்குள் இரண்டு முறை இப்படி விற்பனை நடந்தால் குற்றம் லைசன்ஸ்காரர் மேல் போகும். இரண்டு முறையும் வேறு வேறு ஊழியர் விற்றிருந்தாலும், வாங்கிய பிள்ளை வேறு வேறு ஆளாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான். வழக்குக்குப் பதிலாகக் கடையில் மது விற்பனையை நிறுத்தி வைக்கும் நோட்டீஸை ஏற்றுக்கொள்ள வழி இருக்கிறது: குறைந்தது 48 மணி நேரம், அதிகபட்சம் 336 மணி நேரம், அதாவது இரண்டு வாரம். இது தவிர கவுன்சில் லைசன்ஸை மறுபரிசீலனைக்கு எடுக்கும். அங்கே புதிய நிபந்தனை போடலாம், டிபிஎஸ் பொறுப்பில், அதாவது கடையின் மது விற்பனைக்கு மேற்பார்வையாளராக லைசன்ஸில் பெயர் உள்ளவரை நீக்கலாம், மூன்று மாதம் வரை நிறுத்தி வைக்கலாம், ஒரேயடியாக ரத்தும் செய்யலாம். மூலைக்கடையின் வரும்படி மதுவிலும் சிகரெட்டிலும்தான் நிற்கிறது. மது லைசன்ஸ் போனால் பல குடும்பங்களின் கடை அதோடு முடிந்தது.

பிடிபடுவது எப்படி என்றால், கடைகளின் விற்பனையைக் கண்காணிக்கும் கவுன்சில் பிரிவான ட்ரேடிங் ஸ்டாண்டர்ட்ஸும் போலீஸும் 18 ஆகாத பிள்ளைகளையே வாங்க அனுப்பிப் பார்ப்பார்கள். அதிகாரிகள் கேட்டு அப்படி வாங்கும் பிள்ளைக்குச் சட்டத்தில் குற்றம் கிடையாது. பெரிய கடைகள் இதற்கு மேல் இன்னொரு சோதனையும் வைக்கின்றன. 18, 19 வயது ஆனவர்களை அனுப்பி, ஊழியர் ஐடி கேட்கிறாரா என்று பார்க்கின்றன. விற்றது சட்டப்படி சரியாக இருந்தாலும் கேட்காமல் விட்டதற்கு ஊழியருக்கு எச்சரிக்கை வரும். முகத்துக்கு முன்னால் நிற்கும் 24 வயதுக்காரர் வாடிக்கையாளரா, சோதனைக்கு வந்தவரா என்று அவருக்குத் தெரியாது. "எனக்கு வயசு ஆயிடுச்சுன்னு பார்த்தாலே தெரியலையா?" என்று கேட்பதில் அதனால்தான் பலன் இல்லை.

ஊழியரைக் காப்பாற்ற வழியும் சட்டத்திலேயே இருக்கிறது. வயதுச் சான்று கேட்டார், காட்டிய சான்று நியாயமான எவரையும் நம்ப வைக்கக் கூடியது என்றால், அது நல்ல போலியாகவே இருந்தாலும் ஊழியர் தப்புவார். கேட்காமல் விற்றவருக்கு மிஞ்சும் வாதம் ஒன்றுதான்: அந்த முகத்தைப் பார்த்து 18-க்குக் கீழே என்று யாருமே சந்தேகப்பட்டிருக்க முடியாது என்று நிரூபிக்க வேண்டும். 16 வயதுப் பிள்ளையை அனுப்பிப் பிடித்த வழக்கில் அதை நிரூபிப்பது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள்.

அட்டையைப் பார்ப்பது எப்படி

கல்லாவில் வேலைக்குச் சேரும் நம் பிள்ளைகளுக்கு இது. பாட்டில் பெல்ட்டில் வந்த உடனேயே கேளுங்கள். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து பையில் போட்டு, கார்டை நீட்டும் நேரத்தில் கேட்டால் வரிசையே உங்களைப் பார்க்கும், வாடிக்கையாளருக்குக் கோபம் இரட்டிப்பாகும். "வயசு என்ன?" என்று கேட்காதீர்கள், யாரும் பொய் சொல்லலாம். ஐடியைக் கேளுங்கள். அட்டையைக் கையில் வாங்குங்கள், பர்ஸின் பிளாஸ்டிக் ஜன்னலுக்குள் வைத்துக் காட்டினால் வெளியே எடுக்கச் சொல்லுங்கள். ஓரத்தை விரலால் தடவினால் ஒட்டு வேலை தெரியும். சாய்த்தால் ஹோலோகிராம் நகர வேண்டும், ஒரே மாதிரி மினுங்கிக்கொண்டு நின்றால் அது ஸ்டிக்கர்.

தேதிக் கணக்கில் அவசரப்படுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. வருடத்தை மட்டும் கழித்துப் பார்த்து விற்றுவிடுவார்கள். 2026 மே 10 அன்று விற்பதென்றால், 2008 மே 10 அன்றோ அதற்கு முன்போ பிறந்திருக்க வேண்டும். 2008 நவம்பரில் பிறந்தவருக்கு வருடக் கழித்தலில் 18 வரும், உண்மையில் 17 தான். தினமும் வேலை ஆரம்பிக்கும்போது அன்றைய தேதிக்குச் சரியாக 18 வருடம் முந்தைய தேதியை ஒரு சின்னத் தாளில் எழுதிக் கல்லாவில் ஒட்டிக்கொண்டால் நாள் முழுதும் கணக்குப் போட வேண்டியதில்லை. சில டில்களின் (கல்லா இயந்திரங்களின்) திரையே அந்தத் தேதியைக் காட்டும். டிரைவிங் லைசன்ஸில் பிறந்த தேதி 3 என்ற எண்ணுக்கு எதிரே இருக்கும். 4ஏ வழங்கிய தேதி, 4பி முடியும் தேதி. அவசரத்தில் 4ஏ-யைப் பார்த்துக் குழம்புபவர்கள் உண்டு.

பிரிட்டிஷ் லைசன்ஸில் போலியைப் பிடிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. 5-ம் எண்ணுக்கு எதிரே இருக்கும் 16 எழுத்து-இலக்க வரிசைக்குள் பிறந்த தேதி ஒளிந்திருக்கிறது. முதல் ஐந்து இடம் குடும்பப் பெயரின் முதல் ஐந்து ஆங்கில எழுத்து. பெயர் சிறியதாக இருந்தால் மீதி இடத்தை 9 நிரப்பும். 'ரவி' என்று குடும்பப் பெயர் வைத்தவருக்கு நான்கு எழுத்தும் ஒரு 9-ம் வரும். அடுத்த ஆறு இலக்கத்தைத்தான் பார்க்க வேண்டும். முதல் இலக்கம் பிறந்த வருடத்தின் மூன்றாவது இலக்கம். அடுத்த இரண்டு மாதம், அதற்கடுத்த இரண்டு நாள், கடைசி இலக்கம் வருடத்தின் கடைசி இலக்கம். பெண்ணாக இருந்தால் மாதத்தின் முதல் இலக்கத்தோடு 5 கூட்டியிருப்பார்கள். 2006 ஏப்ரல் 23-ல் பிறந்த ஆணுக்கு 004236 என்று வரும். அதே நாளில் பிறந்த பெண்ணுக்கு 054236. நவம்பரில் பிறந்த பெண்ணுக்கு மாதம் 61 ஆகத் தெரியும். வயதைக் கூட்டிக்காட்ட அட்டையைத் திருத்துபவர்கள் 3-ம் எண்ணுக்கு எதிரே உள்ள தேதியை மாற்றிவிட்டு இந்த வரிசையை மறந்துவிடுவதுண்டு. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் விற்காதீர்கள்.

கடைசியில் படத்தையும் முகத்தையும் பாருங்கள். முடியும் தாடியும் மாறும், கண்ணாடி மாறும். காதின் அமைப்பு, மூக்கின் அகலம், கண்களுக்கு நடுவே உள்ள தூரம் மாறாது. அண்ணன் அட்டையில் தம்பி வருவது இங்கேதான் பிடிபடும். சந்தேகம் இருந்தால் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு முகவரியின் போஸ்ட்கோடைக் கேளுங்கள். சொந்த அட்டைக்காரர் யோசிக்காமல் சொல்வார்.

மறுத்த ஒவ்வொன்றையும் மறுப்புப் பதிவேட்டில் எழுத வேண்டும். தேதி, நேரம், என்ன சரக்கு, ஆளின் பொதுவான தோற்றம், காரணம், எழுதியவர் பெயர். சில கடைகளில் அதிகாரி வருகிறார் என்று தெரிந்ததும் ஒரே பேனாவில் ஒரே கையெழுத்தில் இருபது வரிகளை உட்கார்ந்து நிரப்புகிறார்கள். மறுபரிசீலனைக் கூட்டத்தில் அந்தப் புத்தகம் கடைக்கு எதிரான சாட்சியாகத்தான் நிற்கும். நாளுக்கு ஒரு வரியாக இருந்தாலும் அன்றன்றே எழுதிய புத்தகத்துக்கு இருக்கும் மதிப்பே வேறு.

18 ஆகாத ஊழியர் கல்லாவில் இருந்தால், ஒவ்வொரு மது விற்பனைக்கும் பொறுப்பான பெரியவர் ஒருவர் வந்து தனித்தனியாக அனுமதிக்க வேண்டும். சூப்பர்மார்க்கெட்டில் சின்னப் பெண் கையைத் தூக்கி மேற்பார்வையாளரைக் கூப்பிடுவது அதற்காகத்தான். வாங்குபவர் மேல் சந்தேகம் வந்து இல்லை.

நம் கடைகளில் நடக்கும் தவறுகள்

தமிழ்க் கடைகளில் ஐடி கேட்கும் கை தயங்குவது தெரிந்த முகத்திடம்தான். கோவில் திருவிழாவில் பார்த்த பையன், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் மகளோடு படிக்கும் பிள்ளை, "அங்கிள், அப்பாவுக்கு" என்று சொல்லிக்கொண்டு வந்தால் கொடுத்துவிடுகிறார்கள். அப்பாவுக்குத்தான் என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் 18 ஆகாத பிள்ளையை மது வாங்க அனுப்புவதே தனிக் குற்றம். அதில் அந்த அப்பாவும் மாட்டுவார். ஊரில் பெட்டிக்கடைக்குப் பிள்ளையை அனுப்பிய பழக்கத்தை இங்கே கொண்டுவர முடியாது. அந்தக் குடும்பத்தின் மேல் மரியாதை இருந்தால் அப்பாவையே நேரில் வரச் சொல்வதுதான் அவர்களுக்குச் செய்யும் உதவி.

இன்னொன்று, ஆண்பிள்ளைகளை மட்டும் கேட்பது. சேலை கட்டி, நகை போட்டுக் கல்யாண வீட்டுக்குப் போகும் வழியில் வரும் பெண்ணுக்கு 17 இருக்கலாம். உடையும் ஒப்பனையும் ஐந்து வயதைச் சுலபமாகக் கூட்டிவிடும்.

தோற்றத்தை வைத்து வயதுதான் பார்க்கலாம். ஒரு இனத்தாரை மட்டும் குறிவைத்து ஐடி கேட்பது சமத்துவச் சட்டம் தடுத்திருக்கும் பாகுபாடு. சுவரில் ஒட்டியிருக்கும் 25 போர்டுக்கும் இங்கே வேலை இருக்கிறது. சேவைகளில் வயதை வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்ற விதி 2012 அக்டோபரில் வந்தபோது, இளமையாகத் தெரியும் பெரியவரிடம் வயதுச் சான்று கேட்பதற்கு விலக்கு கொடுத்தார்கள். அந்த விலக்கு கிடைக்க அறிவிப்பு கண்ணில் படும்படி இருக்க வேண்டும். சிப்ஸ் அட்டைப்பெட்டிக்குப் பின்னால் மறைந்து கிடக்கும் போர்டை முன்னால் எடுத்து ஒட்டுங்கள்.

மறுத்துவிட்டால்

கடைக்காரர் விற்றே ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அலமாரியில் விலையோடு வைத்திருப்பதாலேயே விற்கக் கடமைப்பட்டவர் ஆகமாட்டார். ஆகவே வாதாடி வெல்ல முடியாது. வீட்டுக்குப் போய் அட்டையோடு வந்தால் அரை மணி நேரத்தில் வேலை முடியும். செய்யக் கூடாதது ஒன்று இருக்கிறது: மறுக்கப்பட்டவர் ஒதுங்கி நிற்க, கூட வந்த நண்பர் அதே பாட்டிலை எடுத்துக்கொண்டு கல்லாவுக்குப் போவது. 18 ஆகாதவருக்காக வாங்கிக் கொடுப்பதும் குற்றம் என்பதால், இப்போது அந்த நண்பருக்கும் விற்க மாட்டார்கள். அவர் வயது 40 ஆக இருந்தாலும் சரி. கூட்டமாகப் போகும்போது எல்லாரிடமும் ஐடி கேட்பது இந்தப் பயத்தில்தான். அப்படிக் கேட்கச் சட்டம் சொல்லவில்லை, கடையின் கொள்கை அது. ஐந்து பேரில் ஒருவரிடம் அட்டை இல்லை என்று முன்கூட்டியே தெரிந்தால் வாங்குபவர் தனியாகப் போவது நல்லது. அம்மா அப்பாவோடு பத்து வயதுப் பிள்ளை டிராலியைத் தள்ளிக்கொண்டு வருவதற்கு இது பொருந்தாது. அங்கேயும் மறுக்கும் ஊழியரைப் பற்றி மேலாளரிடம் தாராளமாகச் சொல்லலாம்.

செல்ஃப் செக்கவுட்டில் மதுவை ஸ்கேன் செய்ததும் விளக்கு எரிந்து இயந்திரம் நின்றுவிடும். ஊழியர் தூரத்திலிருந்தே உங்களைப் பார்த்து, 25-க்கு மேல் என்று தோன்றினால் அனுமதித்துவிடுவார். தொப்பி, குளிர்காலத்து மஃப்ளர், முகக்கவசம் எல்லாம் போட்டிருந்தால் கிட்ட வந்து கேட்கத்தான் செய்வார். மதுவை முதலில் ஸ்கேன் செய்துவிட்டால், அவர் வந்து சேர்வதற்குள் மற்ற சாமான்களை எடுத்து வைத்துக்கொள்ள நேரம் இருக்கும்.

0.0 என்று எழுதிய பீருக்கும் ஐடி கேட்கிறார்களே என்றால், 0.5 சதவீதத்துக்கு மேல் இல்லாதது லைசன்சிங் சட்டத்தின் கணக்கில் மதுவே இல்லை. கேட்பது கடையின் சொந்த முடிவு. டில்லிலேயே அப்படிப் பதிந்து வைத்திருப்பதால் ஊழியரால் அதைத் தாண்டிப் போக முடியாது.

வீட்டுக்கு வரவழைத்தால் இந்தக் கேள்வி வாசலுக்கு வரும். ஆப்பில் 18 ஆகிவிட்டது என்று டிக் அடித்தது போதாது, கொண்டுவரும் டிரைவர் கதவைத் திறப்பவரின் முகத்தைத்தான் பார்ப்பார். கதவைத் திறந்தது 16 வயது மகள் என்றால் மதுவை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார், மற்ற சாமான்களைக் கொடுத்துவிட்டுப் போவார். திரும்ப எடுத்துப் போனதற்குக் கட்டணம் போடும் நிறுவனங்களும் உண்டு. ஆகவே ஆர்டர் போட்டவர் அந்த நேரத்தில் வீட்டில் இருப்பதும், பாஸ்போர்ட் பெட்டிக்கு அடியில் கிடக்காமல் கைக்கெட்டும் இடத்தில் இருப்பதும் முக்கியம். டிரைவருக்கு ஒரு தெருவுக்கு ஒதுக்கியிருக்கும் நேரம் சில நிமிடம்தான், தேடி எடுக்கும்வரை நிற்க மாட்டார்.